அம்மாவை வைத்து ஓர் உவமை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தமிழய்யா இன்று உவமை நடத்தினார். காத்திருப்பதை வைத்து ஒரு வாக்கியம் கேட்டார். என் பக்கத்தில் உட்காரும் மலர் எழுந்து, "ஓடிப்போன புருஷனுக்காக வளர்மதி அம்மா தெனமும் ஜீப் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி மழைக்கு காத்துக்கினு நின்னோம்" என்றாள். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்பா ஓடிப்போனதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் நாக்கு அழுகட்டும்.

"அப்படியே கண்ணு முன்னால நிக்குது" என்றார் ஐயா. நல்ல வாக்கியம் கிடைத்தால் பலகையில் எழுதிப்போடுவார். எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும். வளர்மதி அம்மா என்று நானும் எழுதினேன்.

சாயங்காலம் ஸ்டாண்டில் அம்மா, "இன்னாடி, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு வர?" என்றாள். பசிக்கிறது என்றேன்.

"கொஞ்சம் இரு. சின்னசேலத்து ஜீப் இன்னும் வரல."