நீல ஷூ வராது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முதுகுவலி குறைந்துவிட்டது, தம்பிக்குச் சோம்பல்தான் குறையவில்லை, நான் முன்னைவிடத் தெம்பாக இருக்கிறேன். இந்த வீட்டில் உடம்பு சரியில்லாமல் போனது ஒன்றே ஒன்று, அது உன் நீல ஷூ. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவிலேயே கத்துவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடித்த பிறகுதான் கத்த முடியும்.

போன வாரம் நீ பேசும்போது, புது ஷூவில் பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு, விரல் நுனியெல்லாம் கொப்புளம், ஐயாயிரம் மீட்டரில் இருபது நொடி கூடுதலாகிறது, அணித் தேர்வுக்கு ஐந்தே வாரம் இருக்கிறது, மாவட்டப் போட்டியில் ஜெயித்த பழைய நீல ஷூ பரணில் இருக்கிறது, அதைப் பார்சலில் அனுப்பு என்றாய். போன வருடம் இரண்டே நொடியில் அணியில் இடம் கைவிட்டுப் போய், மூன்று நாள் நீ போனை எடுக்காமல் இருந்ததை நான் மறக்கவில்லை. அதனால் நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னபோது ஷூ பரணில் இல்லை. என் காலில் இருந்தது.

எட்டு மாதமாக அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் தரை எப்போதும் ஈரம், செருப்பு வழுக்குகிறது, பரணில் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்தேன். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன மாதம் ஊழியர்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், ஆஸ்பத்திரியைச் சுற்றி மூன்று சுற்று. எங்கள் கண்காணிப்பாளர் அம்மா, நாங்கள் விசில் என்று கூப்பிடுவோமே, அவர் பெயர் கொடுத்ததும் எனக்குக் கை அரித்தது, நானும் கொடுத்துவிட்டேன். விசில் வந்து நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முழங்காலுக்கு உறை, மணிக்கட்டுக்குப் பட்டை, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் இரண்டு தண்ணீர் பாட்டில் செருகிய பெல்ட். ஷூ கடையிலேயே விலை கூடினதாம், எல்லாரிடமும் காலைத் தூக்கிக் காட்டினார். அது மலையேறுகிறவர்கள் போடும் பூட்ஸ் என்று மருந்துக் கிடங்கு ஆள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். முதல் சுற்றிலேயே பாட்டில்கள் குதித்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் மூன்றாவதாக வந்தேன், மூடியோடு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். விசில் கடைசியிலிருந்து மூன்றாவது. அந்த வாரத்திலிருந்து ஈரத்துணி வண்டி தள்ளும் வேலை எனக்கே வருகிறது, போகட்டும் என்று தள்ளுகிறேன், காலுக்கு நல்ல பயிற்சி.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். நீ கேட்டதும் ஷூவைப் புதுசு மாதிரி ஆக்கி, ஒன்றும் தெரியாதவள் போல அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இருபது வருடமாகத் துணி வெளுக்கிறவளுக்கு என்ன தோன்றும், படுக்கை விரிப்புகளோடு சேர்த்து வெந்நீர் மெஷினில் போட்டேன். அதோடு விடாமல் உலர்த்தும் மெஷினிலும் போட்டேன். வெளியே எடுத்தபோது அழுக்கு ஒரு துளி இல்லை. பசையும் இல்லை. இரண்டு ஷூவும் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தன. அப்பா சிரித்துச் சிரித்து, குறைந்திருந்த முதுகுவலியை இரண்டு நாளைக்குத் திரும்ப வரவழைத்துக்கொண்டார்.

இருவருமாகப் பேருந்து நிறுத்தத்துப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஷூ ரிப்பேர் கடைக்குப் போனோம். அங்கே இருக்கும் பெண் உன்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள், மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளின் ஷூவெல்லாம் அவளிடம்தான் வரும். ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தவள், "இதை ரெண்டு பேரு போட்டிருக்காங்கக்கா. ஒருத்தங்க ஓடியிருக்காங்க, இன்னொருத்தங்க யாரையோ துரத்தியிருக்காங்க" என்றாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துரத்தினது இவங்கதான் என்று உன் அப்பா உடனே காட்டிக்கொடுத்தார். அவள் உள் அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். விரல்கள் பதியும் இடத்தில் ஐந்து குழி, ஆழமாக, நுனியில் ஒட்டிக்கொண்டு. இந்தப் பொண்ணு விரலை மடக்கியே ஓடியிருக்கு, ஷூ ஒரு நம்பர் சின்னது என்றாள். புது ஷூவும் இதே நம்பர்தானே வாங்கியிருக்கும் என்று கேட்டாள். நான் மறுபடியும் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு அந்த ஷூ கச்சிதமாக இருந்தபோதே உறைத்திருக்க வேண்டும். உன் கால் என் காலைவிடப் பெரிதாயிற்றே. அதை வாங்கின அன்று கடையில் ஏழாம் நம்பரில் நீலம் இல்லை, சாம்பல் நிறம்தான் இருந்தது, நீ ஆறாம் நம்பரையே போட்டுக்கொண்டு சரியா இருக்கும்மா என்றாய். நானும் நுனியை அமுக்கிப் பார்த்தேன், உன் பெருவிரல் முட்டுவது கைக்குத் தெரிந்தது. பேருந்துக்கு நேரமாகிறது என்று தலையாட்டினேன். பாதிக் குற்றம் உன்னுடையது, பாதி என்னுடையது. நீ ஜெயித்தது அந்த ஷூவால் இல்லை பாப்பா, அந்த ஷூ இருந்தும் ஜெயித்தாய்.

அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த மாதிரி நினைத்துக்கொள். சாயங்காலம் பயிற்சி முடித்த பிறகு கடைக்குப் போ, அப்போதுதான் கால் விரிந்து முழு அளவில் இருக்கும். ஓடும்போது போடுகிற மெல்லிய காலுறையையே போட்டுக்கொண்டு போ. உட்கார்ந்து பார்க்காதே, எழுந்து நின்று பார், முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். கொஞ்சம் இழுத்து விரித்துவிட்டால் சரியாகும் என்று கடைக்காரன் சொன்னால் நம்பாதே. தேர்வுக்கு முன் மூன்று வாரமாவது அதிலேயே ஓடிப் பழகு, அன்றைக்கு என்று எதையும் புதிதாகப் போடாதே. நிறத்தைக் கடைசியில் பார். பார்க்காவிட்டால் இன்னும் நல்லது.

பார்சலில் நான்கு ஜோடிக் காலுறையும் ஒரு தாளும் வைத்திருக்கிறேன். தாளில் இருப்பது என் பாதம், நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும்போது அப்பா பென்சிலால் சுற்றி வரைந்தது, கிச்சுகிச்சு தாங்காமல் சுண்டுவிரல் பக்கம் கோடு கொஞ்சம் ஓடிவிட்டது. அதன் மேல் உன் காலை வைத்துப் பார். என் விரலைத் தாண்டி எவ்வளவு வெளியே வருகிறதோ, அவ்வளவையும் மடக்கி வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓடியிருக்கிறாய். இந்தத் தடவை நீட்டி ஓடு. அந்த இரண்டு நொடி அதற்குள்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கறுத்த நகத்தைப் பிய்க்காதே. நீ நினைத்தது நடக்கும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஷூவை அந்தப் பெண் ஒட்டிக் கொடுத்துவிட்டாள், ஆனால் அனுப்ப மாட்டேன், திரும்பக் கேட்காதே. விசில் ஓட்டத்துக்கென்றே நல்ல ஷூ வாங்கிவிட்டாராம். அடுத்த பந்தயத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, நான் நாளைக் காலையிலிருந்து மைதானத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் நம்பர் கால்காரி,
உன் அம்மா