பதில் சொல்லும் கிட்டார்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, புதிதாக ஒரு காபிக்கடை. போன வாரம் மதியம் அங்கே போனபோது அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆட்களுடையது, நாம் பஸ்ஸில் கேட்ட அந்தக் குழுவுடையது. 'தூங்கிப்போன ஆல்பம்' என்று நாம் எழுதினோமே, அதுதான்.

நாம் இல்லை. நான்.

மூன்று வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாடுவது யார் தெரியுமா என்று கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"பேர்லாம் தெரியலங்க. தியானத்துக்குனு தேடினேன், இது வந்துச்சு. ஜனங்களுக்குப் புடிச்சிருக்கு."

டிரம்ஸ் சத்தத்தில் பஸ் ஜன்னல் அதிர்கிறது என்று நீ சத்தியம் செய்த அதே நான்கு பேர். தியானத்துக்கு. நீ சிரித்திருப்பாய். அல்லது கோபப்பட்டிருப்பாய். உன்னைப் பற்றி இப்படிப்பட்ட சின்ன விஷயங்களே எனக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை இப்போது.

இடம் இருந்தது ஒரு மூலையில் மட்டும். தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர். இன்னொன்று அறையின் மறுகோடியில். உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டு. பாடுகிறவர் ஒரு வரியை முடித்து நிறுத்தினார். அந்த இடைவெளியில், என் தலைக்கு மேலே, மிக மெல்லிய ஒரு கிட்டார். நான்கைந்து சுரங்கள். அடுத்த வரி. மறுபடி இடைவெளி. மறுபடி அது.

காபி ஆறிப்போனது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழே முக்கால் பஸ். கல்லூரிக்கு மூன்று வருடம், பிறகு வேலைக்கு இரண்டு. நான் லாட்ஜ் வரவேற்பில், நீ ஜெராக்ஸ் கடையில். ஜன்னல் சீட் உனக்கு. அதனால் இயர்போனின் இடது முனை உனக்கு, வலது எனக்கு. உனக்கு ஒருமுறை காதில் சீழ் வைத்தபோது உன் அம்மா என்னையும் சேர்த்துத் திட்டினார். "ஒருத்தி காதுல வச்சத இன்னொருத்தி வைக்காதீங்கடி, ஒட்டிக்கும்." அதற்குப் பிறகு நாம் முனைகளை மாற்றிக்கொண்டதே இல்லை.

போனில் பாட்டு விமர்சனத்துக்கு நம் பக்கம் தொடங்கியபோது ஒரு விதி வைத்தோம். பஸ்ஸில் கேட்டதை மட்டும் வைத்து எழுத வேண்டும். நான்கு நாள் கேட்டு, ஐந்தாம் நாள் எழுதி, இருவர் பெயரும் போட வேண்டும். வாசிக்கிறவர்கள் பெரிய கூட்டமில்லை. ஆனால் அந்தக் குழுவைப் பற்றித் தமிழில் எழுத அப்போது வேறு யாரும் இல்லை என்று நம்பினோம். நீ நம்பவில்லை என்று நினைக்கிறேன். நான் நம்பினேன்.

அந்த ஆல்பம் வந்த வாரம் எல்லோருக்கும் குழப்பம். நம் பக்கத்தில் வந்தவற்றை இப்போதும் வாசிக்கிறேன். 'தூக்க மாத்திரை.' 'கல்யாணம் ஆயிடுச்சு போல.' 'ஆம்ப்ளிஃபயரை வித்துட்டாங்களா?' ஒருவர் மட்டும், 'அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போன அந்த வாரம் பூரா இதைத்தான் கேட்டேன், வேற எதுவும் கேக்க முடியல' என்று எழுதியிருந்தார். அதற்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. நானும்.

எனக்கு அதில் பாதி வெறுமையாக இருந்தது. ஒரு குரல், தூரத்தில் ஏதோ ஒரு முனகல், நீண்ட இடைவெளிகள். இடைவெளிகளில் பஸ் இன்ஜின்.

உனக்கு அப்படி இல்லை. ஐந்தாம் நாள் நீ ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாய். அதில் ஒரு வரி: 'பாடுகிறவர் நிறுத்தும் இடத்தில் எல்லாம் ஒரு கிட்டார் பதில் சொல்கிறது.'

"எந்தக் கிட்டார்டி?"

"இன்னாடி இப்படிக் கேக்குற. பாட்டு பூரா வருதே."

"நானும் அதேதானே கேட்டேன். எனக்கு எதுவும் வரல."

"உனக்கு இருக்கிறது காதா, கதவா? நல்லா கேளு."

கேட்டேன். இல்லை. நீ கவிதைக்காகச் சேர்த்திருக்கிறாய் என்று நினைத்தேன். நான் அஞ்சல்வழியில் எம்.ஏ. படித்தவள். சேர்க்கப்பட்ட வரியை என்னால் கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு நினைப்பு. அந்த வரியை எடுத்துவிட்டேன். மற்ற வரிகளும் அதனோடு போயின. 'தூங்கிப்போன ஆல்பம். இருவருக்கும் ஒரே கருத்து.' கீழே உன் பெயர், என் பெயர். நம் பக்கத்தில் அவ்வளவு பேர் ஆமோதித்த வேறு பதிவு கிடையாது.

மறுநாள் காலை நீ போனைக் காட்டினாய். சத்தம் போடவில்லை.

"இது நான் சொன்னதாடி?"

"நீ சொன்னது பாட்டுலயே இல்லடி."

"இல்லாம போவட்டும். என் பேர எதுக்குப் போட்ட?"

எழுந்து இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தாய். பதினோரு நாள். உன் பின்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இயர்போன் என் பையில் இருந்தது. நீயாக வருவாய் என்று இருந்தேன். நீயும் அப்படியே இருந்திருக்கலாம். பன்னிரண்டாம் நாள் நீ பஸ்ஸுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலில் உன் அம்மா. "இப்பத்தான் கண்ண மூடுனா. சாயங்காலமா வாம்மா." சாயங்காலம் லாட்ஜில் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம். வரவில்லை. ஆறாம் நாள் எல்லாம் முடிந்திருந்தது.

காபிக்கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், முதல் முறையாக இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு கேட்டேன். அந்தக் கிட்டார் இடப்பக்கம் மட்டும்தான் வருகிறது. பழைய ஆல்பங்களில் இரண்டு பக்கமும் இரைச்சல் நிரம்பியிருந்ததால் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதில்தான் அவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். ஐந்து வருடம் ஆளுக்குப் பாதி கேட்டு, அதை முழுப்பாட்டு என்று எழுதியிருக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் எளிது. நீ சரி, நான் தப்பு என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஆனால் இரண்டு காதிலும் கேட்கும்போது அது பதில் மாதிரி இல்லை. குரல் பெரிதாகி நடுவில் நிற்கிறது. கிட்டார் ஓரத்தில் தன் போக்கில் எதையோ வாசிக்கிறது. நீ கேட்ட பாட்டும் இதில் இல்லை, நான் கேட்டதும் இல்லை. வலது முனையைக் கழற்றிப் பார்த்தேன். பதில் வந்தது. திரும்ப வைத்தேன். போனது. எது ஆல்பம்? நீ எதை விரும்பினாய்? இதைக் கேட்டிருந்தால் நீயும் தூங்கிப்போனது என்றுதான் சொல்லியிருப்பாயா? என்னோடு பேசாமல் இருந்த பதினோரு நாளில் வேறு எங்காவது, வேறு யாருடைய இயர்போனிலாவது கேட்டாயா? எனக்குத் தெரியவில்லை.

பதிவிலிருந்து 'இருவருக்கும் ஒரே கருத்து' என்பதை எடுத்துவிட்டேன். என் கருத்துக்கு மேலே, தனியாக, உன் பெயரில் உன் வரியைப் போட்டேன். நீ இல்லை என்பதையும் எழுதினேன். இத்தனை நாள் அதை வாசிக்கிறவர்களிடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

இரண்டு பேர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர், 'எந்த இடத்துல வருதுங்க? எனக்குக் கேக்கலையே' என்று கேட்டார். இடது முனையை மட்டும் வைத்துக் கேளுங்கள் என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். அதைச் சொன்னால் உன் வரிக்கு நான் விளக்கம் எழுதியதாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை கை வைத்தாயிற்று.

இன்று காலை லாட்ஜில் ஒருவர் கீழே இறங்கி வந்தார். வயதானவர், வேலூர்ப்பக்கம்.

"அந்த ரூம்ல இன்னாவோ ரீங்காரம் கேக்குதும்மா. கண்ண மூட முடியல."

முன்பென்றால் அப்படி எதுவும் இல்லைங்க என்று இங்கிருந்தே சொல்லியிருப்பேன். அவரோடு மேலே போனேன். ஃபேனை நிறுத்தினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் சுவரைக் காட்டினார். சுவரில் காதை வைத்தேன். நெடுநேரம்.

"கேக்குதாம்மா?"

"எனக்குக் கேக்கலங்க."

அவர் முகம் சுருங்கியது.

"சாவியக் குடுங்க," என்றேன். "வேற ரூம் தரேன்."