மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

ஜூலை 9, திங்கள்

இன்று ரப்பர் ஷீட் பதினொன்றுதான். ரொஹானி தாமதமாக வந்தாள். ஆடு குட்டி போட்டதாம், இரண்டு. ஒன்றுக்கு என் பெயரை வைக்கப் போவதாகச் சொன்னாள். "ஏன்?" என்றேன். "பொறந்ததுலேர்ந்து கத்திக்கிட்டே இருக்குக்கா" என்றாள். பத்தொன்பது வருடமாக என் முன்னூறு மரத்துக்குப் பால் வெட்டுகிறவள், இதைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் பால் குறைந்துதான் போயிற்று. முன்பெல்லாம் கோழி கூவுவதற்கு முன்பே வெட்டி முடித்துவிடுவாள். இப்போது இருட்டில் தோட்டத்துக்குள் போக யாருக்கும் தைரியமில்லை. விடிந்தபின் வெட்டினால் வெயில் ஏறி பால் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

ஜூலை 14, சனி

நூடுல்ஸ் கடைத் தம்பதியைப் பிரிவினைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். காலை ஏழரை மணி, நடுரோட்டில். பைக்கில் இரண்டு பேர். எல்லை ஆற்றைத் தாண்டி மலேசியாப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

புதன்கிழமை அந்தம்மாதான் என் கிண்ணத்தில் முளைப்பயறு அதிகமாகப் போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 17, செவ்வாய்

விகாரை மண்டபத்தில் கூட்டம். மாவட்ட அலுவலகத்திலிருந்து எட்டுத் துப்பாக்கி வந்திருக்கிறது. ஊர்த் தலைவர் தவின் எங்களை உட்கார வைத்து விதிகளைப் படித்தார். தோட்டங்களின் ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் குடிசை. பகலில் பெண்கள் காவல், மற்ற நேரம் ஆண்கள். நம் தோட்டத்தில் வேலை செய்கிற முஸ்லிம் ஆட்களுக்கு இடது கையில் மஞ்சள் துணி. துணி இல்லாமல் தோட்டத்துக்குள் ஓடுகிறவன் எதிரி.

"ஓடுறவனை நிக்கச் சொல்லு. நிக்கலேன்னா சுடு. அவன் வெடி வெச்சுட்டு ஓடுறான்னு அர்த்தம்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். ஒரு துப்பாக்கிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது, வீட்டில் நான் ஒருத்தி. வேறு யார் என்னைக் காப்பாற்ற வருவார்கள்?

ஜூலை 18, புதன்

மஞ்சள் துணியை ரொஹானியிடம் கொடுத்தேன். விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"சந்தைக்கு ஓட்டிட்டுப் போற ஆட்டுக்குத்தான் இப்படிக் கட்டுவோம்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். நானே கட்டிவிட்டேன். முடிச்சு இறுகியதென்று திட்டினாள்.

ஜூலை 29, ஞாயிறு

மூன்று நாள் துப்பாக்கிப் பயிற்சி முடிந்தது. தோள்பட்டை நீலமாகிவிட்டது. பல ஊர்களிலிருந்து வந்த முப்பது பெண்களில் குறி தவறாமல் சுட்டது நானும் பள்ளிக்கூட ஆயாவும்தான். சார்ஜென்ட் "இந்த வயசுல கண்ணு இவ்வளவு கூர்மையா!" என்றார். நாற்பத்தெட்டு ஒரு வயசா? ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து நெஞ்சு நிமிர்ந்து பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

துப்பாக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. ரொஹானி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவள் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதைத் திருப்பிக் கொடுத்துடுங்கக்கா."

"கொடுத்துட்டு? வர்றவனுக்கு வெத்தலை பாக்கு வெக்கவா?"

"இது இருக்கிற வீட்டுக்குத்தான் வர்றாங்க. இதுக்காகவே வர்றாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமலா இருக்கும்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஹாட்யாய் நகரத்திலிருந்து மகன் அனன் போன். தோட்டத்தை விற்றுவிட்டு வா என்கிறான். யார் வாங்குவார்கள்? வாங்க ஆளிருந்தாலும் தரமாட்டேன். அவன் அப்பா நட்ட மரங்கள். உன் வீட்டு நாலாவது மாடியில் உட்கார்ந்து நான் எதை வெட்டுவது என்று கேட்டேன். அனன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வியாழன்

பக்கத்து ஊர்க் காவல்காரர் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே முடித்துவிட்டார்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரொஹானி சொன்னதுபோலவே. அவள் இன்று வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 25, சனி

வேலி ஓரம் செருப்புத் தடம். என்னுடையது இல்லை. ரொஹானியுடையதும் இல்லை.

ஆகஸ்ட் 27, திங்கள்

சாலையில் ஆணி இறைத்திருந்தார்கள். ஏதாவது நடப்பதற்கு முன்னால் இப்படித்தான் செய்வார்கள், பின்னால் வண்டி எதுவும் வரக்கூடாதென்று. நாய் குரைத்தால் எழுந்து நிற்கிறேன், குரைக்காவிட்டாலும் எழுந்து நிற்கிறேன்.

ஆகஸ்ட் 29, புதன்

ரொஹானியைச் சுட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். நடந்தது நடந்தபடி.

காலை என் முறை. குடிசையில் நான் மட்டும். ரொஹானி தோட்டத்தின் மறுகோடியில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். எட்டரை இருக்கும், மலைப்பக்கமிருந்து மேகம் வந்து தோட்டம் முழுவதும் இருண்டுவிட்டது. காற்று. இலைச் சத்தம். மரங்களுக்கு நடுவில் ஓர் உருவம் — குனிந்து ஓடுகிறது, நிற்கிறது, மரத்தடியில் ஏதோ செய்கிறது, மறுபடி ஓடுகிறது. தலையிலிருந்து முழங்கால்வரை கறுப்பு. மஞ்சள் இல்லை. "யாரது? நில்லு!" என்று கத்தினேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிற்கவில்லை. அடுத்த மரம். குனிகிறது. வெடி வைக்கிறான் — தவின் சொன்னதுதான் தலைக்குள் ஓடியது.

சுட்டேன்.

வாளி உருண்டது. பால் கொட்டி வெள்ளையாக ஓடியது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போதுதான் முதல் துளி என் கையில் விழுந்தது.

மழை வருகிறது. மழைத் தண்ணீர் விழுந்தால் மரத்தில் கட்டிய சிரட்டையில் இருக்கிற பால் கெட்டுப்போகும். மேகத்தைப் பார்த்ததும் வெட்டுக்காரி என்ன செய்வாள்? ஓடுவாள். மரத்துக்கு மரம் குனிந்து சிரட்டையை வாளியில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவாள். பத்து வயதிலிருந்து நானும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன். குப்பை போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவளும் அதையே போர்த்தியிருந்தாள், மஞ்சள் துணி அதற்கு உள்ளே இருந்தது. நான் கட்டிவிட்ட முடிச்சு.

அந்த மண்டபத்தில் அறுபது பேர் இருந்தோம். அத்தனை பேரும் ரப்பர்க்காரர்கள். ஓடுகிறவன் எதிரி என்று ஒருவர் படித்தார், மழை வந்தால் என்ன செய்வது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. எவ்வளவு பேசுகிறவள் நான், எதற்கெடுத்தாலும் வாய் நீளுமே. அன்னிக்கு மட்டும் எங்க போச்சு என் வாய்?

அவளுக்குக் குண்டு பட்டது வலது தோள், மேல்கை. உயிருக்கு ஆபத்தில்லையாம். கத்தி பிடிக்கிற கை.

ஆகஸ்ட் 31, வெள்ளி

தவின் வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அவங்க ரெண்டு பேரு தோட்டத்துக்குள்ள வந்தாங்க, சுட்டுட்டு ஓடிட்டாங்க. நீங்க பாத்தீங்க. அவ்வளவுதான்."

"குண்டு நம்ம துப்பாக்கி குண்டு."

"அவங்க கையில இருக்கறதும் நம்மகிட்ட பறிச்ச அதே துப்பாக்கிதானே. யாரு கண்டா? பிரானி, உண்மையைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க. புத்தரைக் கும்பிடுறவ முஸ்லிம் பொம்பளையைச் சுட்டாள்னு ஆகும். உங்க வீடு மட்டுமா எரியும்?"

அவர் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கைதான் போட்டது.

செப்டம்பர் 1, சனி

ரொஹானியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போலீஸ் கேட்டதற்கு "மழை, யாரையும் பாக்கல" என்று சொல்லியிருக்கிறாள். பார்த்தாள். குடிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தாள். நான் கட்டில் பக்கம் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன். ஆரஞ்சுப் பழம்! எனக்கு வெட்கமே இல்லை.

செப்டம்பர் 4, செவ்வாய்

ரொஹானியின் கணவன் மாயூசோ வந்தான். மலேசியாவில் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவன், செய்தி கேட்டு வேலையை விட்டு வந்திருக்கிறான். படி ஏறவில்லை, செருப்பைக் கழற்றவில்லை.

"என் தம்பி ஆசேயை நேத்து ராணுவம் கூட்டிட்டுப் போயிடுச்சு. தோட்டத்துல ஓடுன ரெண்டு பேர்ல ஒருத்தன் அவன்னு சொல்றாங்க."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்க பாத்தீங்களாமே. எப்படி இருந்தான் ஓடுன ஆளு?"

"மாயூசோ..."

"ரொஹானி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. பத்தொன்பது வருஷமா நான் ஊருக்கு வர்றப்பல்லாம் உங்க கதையை ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவா. இப்ப உங்க பேரையே எடுக்க மாட்டேங்குறா. அதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், தப்பித்திருப்பேன்.

செப்டம்பர் 5, புதன்

ஆசேக்கு இருபத்திரண்டு வயது. பைக் பஞ்சர் ஒட்டுகிறவன். என் வண்டிக்கும் ஒட்டியிருக்கிறான், ஆணி இறைத்த அன்றைக்கு.

பயமாக இருக்கிறது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். சொன்னால் என்னைக் கொல்ல வருவார்கள். சொல்லாவிட்டால் நான் எதற்காக இங்கே இருக்கிறேன், மரத்துக்காகவா? போதுமா அது?

செப்டம்பர் 6, வியாழன்

ராணுவ முகாமுக்குப் போனேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மண்வெட்டியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

மாயூசோ வாசலில் உட்கார்ந்திருந்தான், தம்பிக்கு மாற்றுத்துணியோடு. என்னுடன் உள்ளே வரச் சொன்னேன். அதிகாரி முன்னால் அவன் காதில் விழும்படி சொன்னேன்: "யாரும் வரல. ரெண்டு பேரும் இல்ல, ஒருத்தனும் இல்ல. ரொஹானி மழைக்கு முன்னாடி பால் எடுக்க ஓடினா. நான்தான் சுட்டேன். முன்னாடி சொன்னது பொய்."

அதிகாரி மூன்று முறை திருப்பிக் கேட்டார். மூன்று முறையும் சொன்னேன், துப்பாக்கியை மேசையில் வைத்து ஒப்படைத்தேன். வழக்கு வரும், ஊரை விட்டுப் போகக்கூடாது என்றார். போகத்தான் எனக்கு இடமில்லையே.

வெளியே வந்தபோது மாயூசோ என்னைப் பார்க்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 8, சனி

ஆசேயை விட்டுவிட்டார்கள். தவின் என் வாசலுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். "எட்டுத் துப்பாக்கி ஏழாயிடுச்சு உங்களால. ஊரையே காட்டிக் கொடுத்துட்டீங்க. இனிமே உங்களுக்கும் இதுதான்" என்று ஒரு மஞ்சள் துணியை விட்டெறிந்தார்.

எடுத்து மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 14, வெள்ளி

முஸ்லிம்களுக்கு நோன்பு தொடங்கிவிட்டது. பால் வெட்ட ஆளில்லை. நானே வெட்டுகிறேன், மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு.

செப்டம்பர் 21, வெள்ளி

வாசலில் பைக் ஒன்று நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் கை போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் சுவர். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. யாரென்று தெரியவில்லை.

செப்டம்பர் 22, சனி

உயிரோடு இருக்கிறேன். ஷீட் நாலு.

அக்டோபர் 11, வியாழன்

முன்னோருக்குப் படையல். விகாரையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பள்ளிக்கூட ஆயா மட்டும் தள்ளி உட்கார்ந்து ஒருமுறை தலையாட்டினாள். ஒவ்வொரு வருடமும் பலகாரத்தில் முதல் பொட்டலம் ரொஹானி வீட்டுக்குப் போகும். இந்த வருடம் எந்த முகத்தோடு போவது? போகவில்லை. அத்தனையும் வீணாகிறது, எறும்பு மொய்க்கிறது.

அக்டோபர் 18, வியாழன்

இருபதாவது மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல்.

"மரத்தைக் கொல்றீங்களா?"

ரொஹானி. மெலிந்திருக்கிறாள். வலது கை தூளியில் தொங்குகிறது. கறுப்பு பிளாஸ்டிக்கைப் போர்த்தி, அதற்கு மேலே மஞ்சள் துணி கட்டியிருந்தாள்.

"ரோட்டுலேர்ந்து பாக்கறேன், பட்டைக்குள்ள கட்டை தெரியுது. இவ்வளவு ஆழமாவா வெட்டுவாங்க? அடுத்த வருஷம் இந்தப் பட்டை மூடுமா?"

"எனக்கு மறந்துபோச்சுடி" என்றேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். உட்கார்ந்தாள். விரல்களை மடக்கிக் காட்டினாள், மூன்றுதான் மடங்கின. நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "வெட்டுங்க, வெயில் ஏறுது" என்றாள். வெட்டினேன். தப்பாக வெட்டும்போதெல்லாம் நாக்கைச் சொடுக்கினாள்.

மதியத்துக்கு முன்னால், பால் எடுக்க வேண்டிய நேரத்தில், மலைப்பக்கம் மேகம் திரண்டது. சட்டென்று இருண்டது. காற்று வந்தது. முன்னூறு சிரட்டையும் நிறைந்து நிற்கிறது. நான் வாளியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன்.

"ஓடாதீங்கக்கா" என்றாள்.

தோட்டத்து ஓரத்தில் காவல் குடிசை. மணல் மூட்டைக்குப் பின்னால் யாரோ எழுந்து நின்றார்கள். என் இடத்தில் இப்போது யார் என்று தெரியவில்லை.

அவள் இடது கையால் இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டாள். நடந்தோம். ஒரு மரம், சிரட்டையைக் கவிழ்த்து, அடுத்த மரம். நிமிர்ந்தே நடந்தோம், குனியும்போதும் மெதுவாகக் குனிந்தோம். எழுபதோ எண்பதோ எடுத்திருப்போம், மழை பிடித்துக்கொண்டது. மீதிச் சிரட்டைகளெல்லாம் எங்கள் கண்ணெதிரே தண்ணீராகி வழிந்தன. நாங்கள் அப்படியே நடந்துதான் வீட்டுக்கு வந்தோம்.