மண் படாத தோல்

அன்பு நண்பனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நீ கடல் தாண்டி அனுப்பிய புத்தகம் கிடைத்தது. நாற்பதாம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை. மெய்ப்பு பார்த்தே பழகிய கண், கோபித்துக்கொள்ளாதே.

நூலக மாடியில் நம் மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினேன். இருபத்திரண்டு பேர். "அண்ணன் புத்தகமாச்சே" என்று என் மனைவியும் முதன்முறையாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பதினேழாம் பக்கக் கவிதையை எடுத்துக்கொண்டேன். 'பூட்டிய இருட்டில் ஆண்டுக்கு ஒரு விரல் நீள்கிறது, நடக்காத காலின் மண் படாத தோல்.' உன் கவிதையில் எதற்கும் நேர்ப்பொருள் தேடக்கூடாது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவன் நான். இருட்டு என்பது மொழி, தோல் என்பது இன்னும் பொருள் ஏறாத சொல் என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்து, "ஏன் சார், இல்லாத பிள்ளைக்கு யாரோ செருப்பு வாங்கிப் பூட்டி வச்சிருக்காங்க, அவ்வளவுதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அவ்வளவு லேசா இருந்தா நான் எதுக்குங்க?" என்று நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறந்த அன்றே போய்விட்ட எங்கள் மகனுக்கு அவள் வருடா வருடம் ஓர் அளவு பெரிய செருப்பு வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் உன்னிடம் மட்டும் சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகையை நம்பினேன்.

கவிதை நல்ல கவிதைடா. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் சண்டை போடவில்லை. "நல்லாத்தான் பேசினீங்க" என்றாள். மறுநாள் அலமாரி திறந்து கிடந்தது. பதினோரு ஜோடியும் இல்லை. கேட்டதற்கு, "இருபது பேர் பாத்தாச்சு, இனிமே எதுக்குப் பூட்டு?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை.

அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னதையும் நீ எடுத்துக்கொண்டதையும் எழுது. என்னைக் காப்பாற்ற வேண்டாம். உவமை வேண்டாம், வரியை மடக்க வேண்டாம். தபால்காரருக்குப் புரிகிற மாதிரி எழுது.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் முதல் வாசகன்