கடைசி பெஞ்சில் உட்கார்ந்த டீச்சர்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் நீ "ம்" என்று முடித்துவிடுகிறாய், அதனால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. இந்தச் சேதியைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உன் அப்பா. நான் ஆரம்பித்தால் நடுவில் புகுந்து முடிவை முதலில் போட்டு உடைத்துவிடுவார். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்குத்தான் ஓய்வில்லை. உன் தம்பி புது வேலையில் ஒட்டிக்கொண்டான், இந்தத் தடவை நிலைப்பான் போலிருக்கிறது.

பயிற்சி விஷயம் உனக்குத் தெரியும். ஆண்டு முடிவதற்குள் அதை முடிக்காத ஆசிரியர்களுக்கு இனிப் பத்தாம் வகுப்பு நடத்தக் கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. மற்ற ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நம் பாடத்தை அவர்கள் பார்த்துக் குறை நிறை சொல்ல வேண்டும், கடைசியில் ஓர் அதிகாரி வகுப்புக்கு வந்து தேறினோமா இல்லையா என்று முடிவு செய்வார். சொல்வது சுலபம், நேரத்துக்கு எங்கே போவது? எனக்கு ஃப்ரீ பீரியட் என்று எழுதியிருக்கும், பெல் அடிக்கும்போதே பியூன் வந்து நிற்பார், இன்னார் லீவு, அந்த வகுப்பைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. போனால் பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டு நானும் வாயை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமையல், விடைத்தாள், உன் அப்பா. ஒருநாள் என் குரலைக் கேட்டு நீ "போதும்மா, விட்டுடு, இவ்வளவு நாள் உழைச்சது போதாதா" என்றாயே, அன்று நான் எரிந்து விழுந்தது உன்மேல் கோபத்தால் இல்லை. விட்டுவிடலாம் என்று எனக்கே பாதி மனசு வந்திருந்தது, அந்த ஆத்திரம்.

மறுநாளும் பியூன் வந்து நின்றார். ஆசிரியர் இல்லாத எட்டாம் வகுப்பில் போய்ச் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாகக் கிளப்பி, பக்கத்து அறையில் இன்னொரு எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரிடம் கூட்டிப் போனேன். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து நடத்துங்கள், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன், உங்களை இப்படி ஆளில்லாத வகுப்புக்கு அனுப்பும்போது நீங்களும் பிள்ளைகளோடு என் வகுப்புக்கு வாருங்கள், பிள்ளைகளுக்குப் பாடமும் ஆயிற்று நமக்குப் பயிற்சியும் ஆயிற்று என்றேன். மனிதர் நல்லவர், சரி என்றார். தலைமை ஆசிரியைதான் முகத்தைச் சுளித்து, "சத்தம் வெளிய கேட்டுச்சுன்னா அன்னிக்கோட நிறுத்திடுவேன்" என்று எச்சரித்தார்.

சத்தம் போட்டது யார் தெரியுமா? நான்தான். பிள்ளைகள் கணக்கைப் பற்றி உற்சாகமாக ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், கடைசி பெஞ்சிலிருந்தே "அங்க என்ன பேச்சு?" என்று அதட்டிவிட்டேன். வகுப்பே கப்சிப். கணக்கு வாத்தியாரும் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டார், பாவம். இதை உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

அடுத்து அவர் என் வகுப்பைப் பார்த்தார். முடிந்ததும் தயங்கித் தயங்கி, "டீச்சர், நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க, பிள்ளைங்களுக்கு மூச்சு விடக்கூட இடம் இல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன். வீட்டில் வந்து கொட்டினால் உன் அப்பா, "அவர் சொன்னதுல என்ன தப்பு, காபியா டீயான்னு என்னைக் கேட்டுட்டு நான் வாயத் திறக்கறதுக்குள்ள டீ போட்டு வச்சிடற, நான் காபி குடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்கிறார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு நின்றேன். அந்த மௌனம் இருக்கிறதே, அப்பப்பா, பிரசவ வலி தேவலை. ஆனால் மெல்ல மெல்ல ஒவ்வொரு வாயாகத் திறந்தது. எங்களைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பியூன் வந்தால் முன்பு ஒளிந்துகொண்டவர்கள், இப்போது யார் வகுப்புக்குப் போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

போன வாரம் அதிகாரி வந்தார். ஒரு மரக்கட்டையை மேஜைமேல் வைத்து, சின்ன விதையிலிருந்து வந்த மரத்துக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்று என் பத்தாம் வகுப்பைக் கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. அதிகாரி என்னைப் பார்க்கிறார், வாசலில் நின்ற தலைமை ஆசிரியை சொல்லிவிடு சொல்லிவிடு என்று கையை ஆட்டுகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு பெண், சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் தானாக ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்து "காத்துலருந்து டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "காத்துக்கு ஏது எடை, மண்ணுலருந்துதான்" என்றான் ஒருவன். "அப்ப தொட்டியில செடி வளர வளர மண்ணு காலியாகணுமே, ஏன் ஆகல?" என்று அவள் திருப்பிக் கேட்டாள் பார், வகுப்பு இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நின்றது. அதிகாரி எழுதுவதை மறந்து, "அப்ப மண்ணுக்கு வேலையே இல்லையா?" என்று அவளைக் கேட்டார். உப்பையும் தண்ணியையும் மண் தருகிறது, உடம்பைக் கட்டுவதற்கானதை மரம் முக்கியமாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று விளக்கி அவரையும் தலையாட்ட வைத்துவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தேறிவிட்டேன் அம்மாடி! வெறும் தேர்ச்சி இல்லை, மற்ற பள்ளிக்காரர்களையும் என் வகுப்பைப் பார்க்க அனுப்புவதாக அதிகாரி சொல்லிப் போயிருக்கிறார். வாரத்தில் ஒரு பீரியட் ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதற்கு என்று தலைமை ஆசிரியை ஒதுக்கிவிட்டார், அதில் யாரும் கை வைக்கக் கூடாதாம். கணக்கு வாத்தியாருக்கு வீட்டிலிருந்து காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், காபியா டீயா என்று முதல் நாளே கேட்டு, அவர் பதில் சொன்ன பிறகுதான்.

நீயும் ஏதோ படிக்க வேண்டும், ஆபீஸில் நேரமே இல்லை என்று புலம்பினாயே. உனக்கு நேரத்தை யாரும் தட்டில் வைத்து நீட்டப்போவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்கிற கூட்டங்கள் எதுவென்று முதலில் பார். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், என்னை வேலையை விடச் சொல்ல மட்டும் வேண்டாம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பத்தாம் வகுப்பு அறிவியல் டீச்சர்.