ஆறு பக்கப் பதில்

சார்,

உங்கள் காகிதங்கள் வைக்கோல் வாசனையோடு வந்து சேர்ந்தன. பக்கத்துத் தெரு பீங்கான் கம்பெனியில் வைக்கோல் திணித்துப் பொம்மை அனுப்பும் அட்டைப் பெட்டிகளை வாங்கி, உங்கள் மகள் எல்லாவற்றையும் அதில் அடுக்கியிருந்தாள். பதினோரு பெட்டி. நீங்கள் காலமான பிறகு, சட்டக் கல்லூரி தன் முதல் முதல்வரான உங்கள் ஆவணங்களைக் கேட்டு எழுதியிருந்தது. பிரித்துப் பட்டியல் போட, உங்களிடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அப்பா பேரு கெடுற மாதிரி ஏதாவது இருந்தா எடுத்துடுங்க. நான் படிச்சா எனக்குப் புரியாது" என்றாள்.

முதல் ஆறு பெட்டிகளில் அப்படி ஒன்றும் இல்லை. நீங்களே கோடு போட்டு வரைந்த வகுப்பு அட்டவணைகள், நூலகத்துக்கு இடம் கேட்டு அனுப்பிய கடிதங்கள், ஓட்டுக் கொட்டகையில் கல்லூரி நடந்த நாட்களின் வருகைப் பதிவேடு. ஏழாவது பெட்டியில், நம் மாணவன் தங்கராசுவின் கோப்பு இருந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும். விடுதிச் சாப்பாட்டுக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் உங்கள் அறைக் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். என்னை அழைத்து, "நேரில் பார்த்தீர்களா, யூகமா?" என்று கேட்டீர்கள். நான் புதிதாகச் சேர்ந்தவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தங்கராசு உடைத்ததைப் பார்த்ததாகச் சொன்னேன். நான் பார்த்தது கூட்டத்துக்குள் ஓடிய ஒரு கட்டம் போட்ட சட்டையின் முதுகை. அன்று காலை என் வகுப்பில் தங்கராசு அப்படியொரு சட்டையோடு உட்கார்ந்திருந்தான். நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் சாட்சியச் சட்டம்.

கோப்பில் என் வாக்குமூலம் ஒரு பக்கம். தங்கராசுவின் பதில் ஆறு பக்கம். அவனை நீக்கிய உங்கள் உத்தரவு அரைப் பக்கம். அதன் பின்புறம் பென்சிலில் உங்கள் கையெழுத்து: "விரிவுரையாளரை மறுபடி கேட்க வேண்டும்."

நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது.

கோப்பை எடுத்துவிட்டால் உங்கள் பெயருக்கும் என் பெயருக்கும் நல்லது. உங்கள் மகள் அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் அது என் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள், தங்கராசு இருக்குமிடத்தை விசாரித்துக்கொண்டு கம்மாபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

தங்கராசு அங்கே டூவீலர் மெக்கானிக். அவருடைய அப்பாவின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், குடும்பமே வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. தலை முழுக்க நரை. பெயரைச் சொல்வதற்கு முன்பே என்னைத் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். வூட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

வந்த விஷயத்தைச் சொல்லிக் கோப்பைக் கொடுத்தேன். கையை இரண்டு முறை துணியில் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்தபடி, ஆறு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். நடுவில் வண்டி எடுக்க வந்த ஒருவரை அப்புறம் வரச் சொன்னார்.

"மூணாவது பாயிண்ட்ட நல்லாவே எழுதியிருக்கேன்ல சார்?"

சாட்சி முகத்தைப் பார்த்ததாக எங்கும் சொல்லவில்லை என்பதுதான் அந்த மூன்றாவது பாயிண்ட்.

"நான் உங்க முகத்தப் பாக்கல, தங்கராசு. முதுகத்தான் பாத்தேன்."

"தெரியுங்க சார். அன்னிக்கே தெரியும். அந்தச் சட்ட போட்டு நாலு பேரு இருந்தோம்."

இந்தக் கோப்பை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவருக்காகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"எடுக்காதீங்க. நான் லா காலேஜ்ல படிச்சேன்னா எம் பொண்ணே நம்ப மாட்டேங்குது. இத விட்டா எங்கிட்ட வேற என்னாங்க இருக்குது? உங்க பேப்பரும் அதுலயே இருக்கட்டும். அது இல்லன்னா, நான் எதுக்குப் பதில் எழுதியிருக்கேன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாது." பக்கங்களை அடுக்கிக்கொண்டே, "இப்பச் சொன்னீங்களே, முதுகத்தான் பாத்தேன்னு. அதையும் எழுதி வெச்சிடுங்க" என்றார்.

அவருடைய பட்டறை மேசையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஆறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.

உங்கள் மகளிடம் கோப்பைக் காட்டினேன். பென்சில் வரியையும் என் புதிய காகிதத்தையும் பலமுறை படித்தாள். "இது அப்பாவுக்குப் புடிச்சிருக்குமாண்ணே?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளே நாடாவைக் கட்டிப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் கல்லூரி வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது தங்கராசு உங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முதல்வர் சார் இத முழுசாப் படிச்சாரா?"

ஆறு பக்கத்து ஓரங்களிலும் உங்கள் பென்சில் கோடுகள் இருந்தன. அவற்றைக் காட்டி, "படிச்சிருக்காரு" என்றேன். அவர் முகத்தில் ஒரு நொடி வந்துபோன சந்தோஷத்தைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். படித்துவிட்டுத்தான் நீங்கள் அந்த அரைப் பக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பது அவருக்கும் தெரியும், சார்.