சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு கோப்பைத் தண்ணீர்

செவ்வாய், இரவு.

நாளை காலை ஒன்பது மணிக்கு எனக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீரும் கூடாது என்பது வார்டின் பழைய வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம் என்கின்றன ஆய்வுகள். அவற்றைப் படித்துவந்த தாதி பர்ஹானா, என் தங்கை மகள். வைத்தியரைச் சம்மதிக்கவைக்க அவளுக்கு மாதக்கணக்காயிற்று. இன்று நோயாளிகளிடம் தோற்றாள்.

"நோன்பு புடிச்ச உடம்பு புள்ள, தண்ணி என்னத்துக்கு?" என்றாள் பக்கத்துக் கட்டில் நிந்தவூர்க்காரி. வார்டே சிரித்தது.

பர்ஹானா என்னிடம் வந்தாள். "பெரியம்மா, நீங்களாவது குடிங்க. ஒருத்தரும் குடிக்காட்டி பழையபடி ஆக்கிப்போடுவாங்க."

"உன் ஆய்வுக்கு நான்தான் எலியா?"

"ஓம்" என்றாள், கூச்சமே இல்லாமல்.

எனக்குத் தாகம் எடுக்கப்போவதில்லை. ஆயினும் ஆறு மணிக்கு முழுக் கோப்பையையும் குடிப்பேன், நிந்தவூர்க்காரிக்குக் கேட்கும்படி பிஸ்மில்லாஹ்வைச் சற்று உரக்கவே சொல்லி.